வீடு திருத்தும் நாளில் யாருடைய சௌகரியம்?



தைப்பொங்கல் கழிந்துவிட்டால் நம் தருமபுரி மாவட்டத்து ஊர்களில் கடப்பாரைச் சத்தம் கேட்கத் தொடங்கும். மழைக்காலம் வருமுன் வேலை முடிய வேண்டும் என்பது கணக்கு. பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் பிள்ளைகள் உழைத்து அனுப்பிய பணத்தைக் கொண்டு ஒரு குடும்பம் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடுகிறது. மற்றொரு குடும்பம் சமையற்கட்டைப் பெரிதாக்குகிறது. நல்ல காரியமே. ஆனால் வேலை முடியும் வரையில் வேறு வீட்டுக்கு வாடகை கொடுத்துப் போகக்கூடியவர்கள் சிலரே. மற்றவர்கள் எல்லாரும் இடிகிற வீட்டிலேயே குடியிருந்து, உண்டு, உறங்கி, ஜெபம் செய்து நாளைக் கடத்த வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட நாட்களில் சௌகரியமாய் வாழ வழி தேடுவது சரியா? "கிறிஸ்தவனுக்குச் சௌகரியம் எதற்கு? கொஞ்ச நாள் தானே! தவமென்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளட்டும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்பதற்குப் பக்தியான பேச்சுதான். ஆயினும் அதைச் சொல்பவர் யார், பொறுப்பவர் யார் என்று கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மகன் பெங்களூரில் வேலை. சனிக்கிழமை இரவு வந்து, சுவர் எத்தனை வரி எழும்பியிருக்கிறது என்று பார்த்து, மேஸ்திரியிடம் கணக்குப் பேசி, ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு திரும்பிவிடுகிறான். வீட்டிலோ இளைப்பு நோயுள்ள பாட்டி திண்ணையில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்துச் சிமெண்டுத் தூசியைச் சுவாசிக்கிறாள். மருமகள் வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டி, வீட்டாருக்குச் சோறும் ஆட்களுக்குத் தேநீரும் வைக்கிறாள். பழைய குளியலறையையும் கழிப்பறையையும் முதல் நாளே இடித்துவிட்டபடியால், வயது வந்த பெண் விடியுமுன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். மார்ச்சு மாதம் அரசுப் பரீட்சை எழுத வேண்டிய பையனுக்கு உட்கார்ந்து படிக்க மூலையில்லை. இவர்களில் எவரையும் கேட்டு வேலை தொடங்கப்படவில்லை. "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்பவனோ தன் அறையில் மின்விசிறியின் கீழ் உறங்குகிறான்.

அவன் கெட்டவனல்ல. தாய்க்காகத்தான் வீடு கட்டுகிறான். ஆயினும் கட்டி முடியப்போகும் வீட்டின்மேல் கண் வைத்து, இப்போதே அங்கு வாழ்கிறவர்களைக் காணாமற் போனான். தவம் என்பது ஒருவன் தானாக மனமொப்பித் தன்மேல் ஏற்றுக்கொள்வது. பிறர்மேல் ஏற்றிவைத்தால் அதற்குத் தவம் என்று பெயரில்லை. ஆகையால், அசௌகரியத்தை யார் சுமக்கிறார், அதைப் பகிர்ந்து சுமக்கிறோமா என்பதே மனச்சாட்சிக்குரிய கேள்வி.

வேத புத்தகத்தில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 445 ஆண்டுகளுக்கு முன், நெகேமியா இடிந்து கிடந்த ஜெருசலேம் மதிலைக் கட்டியெழுப்பினார். மக்கள் வெளியேறவில்லை, அந்த நகரத்திலேயே வாழ்ந்துகொண்டு, பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பாகத்தைத் தாங்களே பழுதுபார்த்தார்கள். 52 நாட்களில் வேலை முடிந்தது. ஆனால் நடுவில் ஒரு கூக்குரல் எழும்பிற்று: ஏழைகள் தானியத்துக்காகத் தங்கள் நிலங்களை அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்க நேர்ந்தது. நெகேமியா, "மதில் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடவில்லை. செல்வர்களைக் கூட்டி, வயல்களையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். ஆளுநருக்குரிய படியையும் தாம் வாங்காமல் விட்டார். மதில் எழும்பும்போதே அதற்குள் வாழும் எளியவன் இடிந்துபோனால், அந்த மதில் யாரைக் காக்கும்?

திருச்சபையின் சரித்திரமும் இதையே போதிக்கிறது. ரோமையில் அர்ச். இராயப்பர் பேராலயத்தைப் புதிதாய்க் கட்ட 1506-ல் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. 1626-ல்தான் அபிஷேகம் நடந்தது. இந்த 120 ஆண்டுகளும் ஜெபம் நின்றுபோகவில்லை. அப்போஸ்தலரின் கல்லறைமேல் இருந்த பீடத்துக்குக் காப்பாக ஒரு சிறு மண்டபம் எழுப்பினார்கள். 1538-ல் நடுவே ஒரு தடுப்புச் சுவர் கட்டி, அப்புறம் வேலையும் இப்புறம் பழைய ஆலயத்தின் மீதிப் பாகத்தில் வழிபாடும் நடக்கச் செய்தார்கள். இது நம் வீட்டுக்கும் நல்ல யோசனை. ஆனால் அதே வேலைக்காகப் பணம் சேர்த்த முறை பலருடைய மனத்தைப் புண்படுத்தி, 1517-ல் தொடங்கிய பெரும் பிளவுக்கு ஒரு காரணமாயிற்று என்பதையும் மறைக்கலாகாது. கட்டடம் அழகாய் எழும்பியது, குடும்பமோ பிரிந்தது.

ஆகையால், வேலை தொடங்குமுன் ஓரிரவு ஜெபமாலை முடிந்ததும் வீட்டார் எல்லாரும் கூடிப் பேசுங்கள். பாட்டி எங்கே படுப்பாள், பிள்ளை எங்கே படிக்கும், அடுப்பு எங்கே என்று முதலில் தீர்மானியுங்கள். ஓர் அறையையாவது கடைசி வரையில் தொடாமல் விட்டு, வாசலில் ஈரத்துணி தொங்கவிட்டு, நோயாளியையும் குழந்தையையும் அங்கே வையுங்கள். சேசுவின் திரு இருதயப் படமும் அந்த அறைக்கே வரட்டும். புதிய கழிப்பறை உபயோகத்துக்கு வருமுன் பழையதை இடிக்காதீர்கள். சுவரை இடிக்குமுன் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். பழைய கல்நார்த் தகடுகளை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை, அறுக்கவும் உடைக்கவும் வேண்டாம்; அதன் நுண்ணிய தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் சென்றபின் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

"இப்படியெல்லாம் பார்த்தால் நாள் நீளும், செலவு ஏறும்" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் எவ்வளவு அவசரப்பட்டாலும் சில வேலைகள் தங்கள் நேரத்தைக் கேட்டே தீரும். தளம் போட்டபின் குறைந்தது 7 நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். முட்டுகளை முன்னதாகப் பிரித்தால் ஆபத்து. கான்கிரீட்டுக்குக் காட்டுகிற பொறுமையைப் பெற்ற தாய்க்குக் காட்டக்கூடாதா? பணம் போதாவிட்டால் வேலையைக் குறையுங்கள். முன்புறத்துப் போர்டிகோ அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்கலாம்; பாட்டியின் மூச்சு காத்திருக்காது. முழுக் கஷ்டத்தையும் எவராலும் நீக்க முடியாது. அதில் பெரிய பங்கைப் பலமுள்ளவர் எடுத்துக்கொள்வதே நீதி. திண்ணையில் படுக்க வேண்டியவன் அந்த வீட்டு வாலிபனே.

நம் சௌகரியத்தின் எல்லை வாசற்படியோடு முடிவதில்லை. தெருவை அடைத்த மணற்குவியல் பக்கத்து வீட்டுக் கிழவருக்குத் தடை. நம் மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. நாலு பேர் குடிக்கக் காத்திருக்கும் தெருக்குழாயிலிருந்து நம் தளத்துக்குத் தண்ணீர் பிடிப்பது அயலாருடைய பங்கை எடுப்பதாகும்.

நம் வீட்டில் வேலை செய்யும் கொத்தனாரும் சித்தாளும் யார்? நம் பங்கிலிருந்தே எத்தனையோ பேர் பெங்களூருக்குப் போய், பிறருக்கு மாடி வீடு கட்டிக்கொண்டு, தாங்கள் அந்த வேலைத்தலத்திலேயே தகரக் கொட்டகையில் குடியிருக்கிறார்கள். அந்த வெப்பமும் வேதனையும் நமக்குத் தெரியும். ஆகவே நம் வீட்டுக்கு வரும் சித்தாளுக்கு இளைப்பாற நிழலும், குடிக்க நல்ல தண்ணீரும், பெண்ணென்றால் மறைவான இடமும் கொடுப்பது நம் கடமை. கூலியைப் பேசியபடி அந்தந்த வேளையில் கொடுத்துவிடுங்கள். வேலையாளின் கூலியைப் பிடித்துவைப்பது பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தோமன்றோ? உழைப்பாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளை 1955-ல் 12-ம் பத்திநாதர் பாப்பானவர் மே மாதம் முதல் தேதிக்கு ஏற்படுத்தினார். அந்தப் பரிசுத்த தச்சரும் பிறர் வீடுகளில் கூலிக்காகக் காத்து நின்றிருப்பார்.

பிரியமானவர்களே, நம் ஆத்துமமும் பழுதுபார்க்கப்படும் வீடே. ஒரு மூலையைச் செப்பனிட்டால் மறுமூலை ஒழுகுகிறது. வேலை முடிந்தபின் வருகிறேன் என்று சர்வேசுரன் வெளியே நிற்பதில்லை. நற்கருணையில் இந்தத் தூசிக்குள்ளேயே வந்து நம்மோடு குடியிருக்கிறார். நம் அரைகுறையை அவர் பொறுத்துக்கொள்கிறார். அதைச் சரிப்படுத்தும் வேலையில் முதற் பாரத்தைத் தாமே சுமந்தார். அந்த மாதிரியைப் பின்பற்றுவோம்.

இவ்வாண்டு உங்கள் வீட்டில் வேலை நடக்குமானால், இன்றிரவு மேஸ்திரியிடம் பேசுமுன் வீட்டில் மூத்தவரிடமும் இளையவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு என்ன கஷ்டம்?" பதிலைக் கேட்ட பின்பு கடப்பாரையை எடுங்கள்.

சேசு, மரி, சூசை நம் வீடுகளை ஆசீர்வதிப்பார்களாக.