வாங்கினதா... வாங்கிப் போட்டதா?

தமிழில் 'வாங்குவது' வேறு, 'வாங்கிப் போடுவது' வேறு. அரிசி வாங்குகிறோம். பல்லடம் பக்கம் அஞ்சு சென்ட் இடம் வாங்கிப் போடுகிறோம். முதலாவது, பயன்படுத்த. இரண்டாவது, விலை ஏறும்வரை அப்படியே கிடக்க. இத்தனை காலமும் கார் முதல் பட்டியலில்தான் இருந்தது. ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கும் பொருளை யார் வாங்கிப் போடுவார்கள்?

இப்போது போடுகிறார்கள்!

திருப்பூர் வீரபாண்டியில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ஏனுங்க, நீங்க பி.காம். படிச்சவராச்சே... ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒண்ணு விலைக்கு வருது. வாங்கிப் போட்டா நாலஞ்சு வருசத்துல நல்லா ஏறுமுங்களா?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பார்க்க சாதாரண குடும்ப செடான். பானெட்டுக்குள் 245 குதிரைகள். 2020ல் இந்தியாவுக்கு 200 கார்கள் மட்டுமே வந்தன. ஷோரூம் விலை 35.99 லட்சம். அடுத்த தலைமுறை ஆர்.எஸ். 2025ல் வந்தபோது 100 கார்கள்தான், விலை 49.99 லட்சம். வந்த வேகத்தில் புக் ஆகிவிட்டன. குறைவாக இருக்கிறது, ஆசைப்படுகிறவர்கள் அதிகம். விலை ஏற வேறென்ன வேண்டும்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2020ல் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 15 சதவிகிதம். ஆக, 36 லட்சம் கார் வீடு வந்து சேரும்போது 41 லட்சத்தைத் தாண்டிவிடும். அதே பணத்துக்கு வருஷம் 6 சதவிகித வட்டி என்று வைத்தாலே ஐந்து வருஷத்தில் சுமார் 55 லட்சம். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், ஷெட் எல்லாம் தனி. அதாவது, 50 லட்சத்துக்கு விற்று "அடிச்சேன்டா லாபம்!" என்று துள்ளுகிறவர்கூட உண்மையில் நஷ்டத்தில்தான் நிற்கிறார். செகண்ட்ஹேண்டில் வாங்கினால் தொகை மாறும். காத்திருக்கும் பணத்துக்கு வட்டி உண்டு என்பது மாறாது.

ஆனால், எனக்கு உறுத்துவது கணக்கு அல்ல. இந்த முதலீட்டில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருக்கிறது... கார் ஓடக் கூடாது. ஓடோமீட்டரில் ஏறும் ஒவ்வொரு கிலோமீட்டரும் விலையில் கழியும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, "அப்பா, தாராபுரம் ரோட்டுல ஒரு ரவுண்டு போலாமா?" என்று மகன் கேட்டால், மனசு ரூபாயில் கணக்குப் போடும். சொந்தக்காரர் வாட்ச்மேன் ஆகிவிடுகிறார். சம்பளம் இல்லாத வாட்ச்மேன்!

வீரபாண்டிக்காரருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது அந்த வட்டாரமே ஸ்தம்பித்தது. நிற்கிற மெஷின் சொத்து இல்லை, சுமை என்று பாடம் படித்த ஊர் அது. காரும் மெஷின்தானே? நிறுத்தியே வைத்தால் பேட்டரி சாகும், டயர் இறுகும், ரப்பர் சீல் காயும், ஒயரை எலி கடிக்கும். சும்மா இருப்பதும் ஒரு தேய்மானம்தான்.

வருமான வரிச் சட்டத்தில்கூட இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கார், 'மூலதனச் சொத்து' என்ற கணக்கில் வராது. நகை வரும், ஓவியம் வரும், உபயோகிக்கும் கார் வராது. எதற்கு வைத்திருக்கிறாய் என்பதைப் பொறுத்துத்தான் அது என்ன பொருள் என்பதே! வரிச் சட்டத்தில் தத்துவம் எதிர்பார்க்காதவர்கள் இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

"யாராவது பொத்திப் பாதுகாத்தால்தானே அடுத்த தலைமுறை பார்க்க முடியும்?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. கோவை அவிநாசி ரோட்டில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்தில் நிற்கும் கார்களும் ஓடவில்லைதான். ஆனால், அங்கே ஒரு சிறுவன் வாய் பிளந்து பார்க்கிறான். அந்த கார் இன்னமும் யாருக்கோ பயன்படுகிறது. பூட்டிய ஷெட்டில், உறை போட்டு நிற்கும் கார் யாருக்கு? தானும் அனுபவிக்காமல் பிறருக்கும் உதவாமல் கிடக்கும் பணத்தைப் பற்றி வள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என்று ஓர் அதிகாரமே எழுதிவைத்திருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1987ல் ஃபோர்டு கம்பெனி சியரா காஸ்வொர்த் ஆர்.எஸ்.500 என்று 500 கார்கள் செய்தது. அன்றைய விலை சுமார் 20,000 பவுண்டு. அதில் ஒன்று 2023ல் ஏலத்தில் கிட்டத்தட்ட 6 லட்சம் பவுண்டுக்குப் போனது. சுமார் 5,000 மைல் மட்டுமே ஓடிய கார். 'பார்த்தீர்களா, பூட்டி வைத்தவன் ஜெயித்தான்' என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த மாடலுக்கு அப்படி ஒரு பெயர் எப்படி வந்தது? எண்பதுகளின் கடைசியில் ரேஸ் டிராக்குகளில் அதை விரட்டு விரட்டென்று விரட்டினார்கள். இடித்தார்கள், நொறுக்கினார்கள், ஜெயித்தார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்று பணத்தோடு ஏலத்துக்கு வருகிறார்கள். ஓடாத காருக்குக் கிடைத்த விலையை, ஓடித் தேய்ந்த கார்கள் சம்பாதித்துக் கொடுத்தன!

நம் ஊர் கான்டெஸாவும் அப்படித்தான். 2002ல் உற்பத்தி நின்ற பிறகும் சிலர் ஸ்பேர் பார்ட்ஸுக்கு அலைந்து, மெக்கானிக்கைக் கெஞ்சி, பெட்ரோலுக்கு அழுதுகொண்டே ஓட்டினார்கள். விலை ஏறும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பிடித்திருந்தது, ஓட்டினார்கள். ஒரு பழைய காருக்கு இன்று மதிப்பு இருக்கிறதென்றால் அதற்கு முதல் போட்டவர்கள் அவர்கள்தான்.

எல்லோரும் வாங்கிப் போட ஆரம்பித்தால், நாளைக்கு அந்தக் காரைப் பற்றிச் சொல்ல யாரிடமும் ஒரு கதைகூட இருக்காது. கதை இல்லாத காரை எந்த விலைக்கு, யாரிடம் விற்பது?

ஆகவே, காசு பெருக வேண்டுமென்றால் வங்கி இருக்கிறது, தங்கம் இருக்கிறது, பல்லடத்தில் இடம் இருக்கிறது. கார் வாங்கினால் ஓட்டுங்கள். விற்கும்போது நாலு லட்சம் குறைந்தால், அது நஷ்டம் அல்ல... அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்துக் கொடுத்த டிக்கெட்!