தானே உரைக்கும் பாயிரம்

நூலொன்று அவைக்கு வரும்போது அதனை அறிமுகம் செய்யும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாவைத் தமிழிலக்கணம் முன்னரே எழுப்பி விடையும் கூறியுள்ளது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், சிறப்புப்பாயிரம் உரைக்கத் தக்கவர் நால்வர் என்றார். நூலாசிரியனுக்குக் கற்பித்த ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவனுடைய மாணாக்கன், அந்நூலுக்கு உரைகண்டவன் என்போரே அந்நால்வர். எத்துணைத் துறைகளைக் கற்றுத் தேர்ந்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது அதற்கு அவர் காட்டிய காரணம்.

நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் பிறந்த இளைஞன் ஒருவன் தனியொருவனாக நின்று ஓர் இதழ் தொடங்குகிறான் எனக் கொள்க. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டி, பெற்றோர் படிக்க வைத்த பிள்ளை அவன். அவனை முன்மொழியப் புலவர் அவை இல்லை. தாங்கி நிற்கச் செல்வர் இல்லை. நாளேடொன்றின் பெயர்வலிமையும் இல்லை. முதல் இதழின் முதற்பக்கத்தில் தன்னைப் பற்றியும் தன் இதழைப் பற்றியும் அவனே எழுதியாக வேண்டும். அங்ஙனம் எழுதுதல் தற்புகழ்ச்சி ஆகுமா? அடக்கம் கருதி எழுதாது விடின் அவ்விதழை யார் அறிவார்?

பவணந்தியார் இவ்விடர்ப்பாட்டை உணராதவர் அல்லர். புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்கள் சிலவற்றையும் அவரே வகுத்தார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், மாற்றான் பழிக்கும் காலத்திலும் அது தகும். தன் ஆற்றலை அறியாதாரிடையேயும் அது தகும். புதிய வாசகர் என்போர் இக்கடைசி வகையினர் அல்லரோ? ஆகவே தன்னை அறிமுகம் செய்துகொள்ளல் குற்றமன்று. எதனைச் சொல்லி அறிமுகம் செய்வது என்பதிலேதான் அறம் அடங்கியிருக்கிறது.

இதற்கும் நன்னூலே வழிகாட்டுகிறது. சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவை எட்டு. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இப்பட்டியலில் 'சிறப்பு' என்னும் சொல்லே இல்லாமை கருதத்தக்கது. இவன் யார், எங்கிருந்து பெற்றான், எதனைச் சொல்லப் போகிறான், யாருக்குச் சொல்கிறான், கேட்போர்க்கு என்ன கிட்டும் என்பனவே அங்குக் கேட்கப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு உண்மையாக விடை சொல்வது புகழ்ச்சியன்று, அது வாக்குறுதி.

அவ்வாறு விடை சொன்னவர்கள் தமிழ் இதழியல் வரலாற்றில் உண்டு. 1907ஆம் ஆண்டு சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. இதழின் விலையே இதழின் பெயராயிற்று. இதனை யார் வாங்கலாம் என்று ஏழைத் தொழிலாளி வேறெங்கும் சென்று வினவ வேண்டியதில்லை. பெயரே விடை சொல்லிவிட்டது. சுரங்கத்தில் உழைத்த கோலார் தங்கவயல் தமிழரிடையேயும் அதற்கு வாசகர் உண்டாயினர். ஓராண்டு கழிந்தபின் அது 'தமிழன்' என்று பெயர் மாறியது. அவன் அதற்குள் வாசகரிடையே அறிமுகமாகி விட்டிருந்தான்.

மற்றொருவர் சி. சு. செல்லப்பா. 1959 சனவரியில் அவர் 'எழுத்து' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, கடைகளில் விற்பதில்லை, சந்தா செலுத்துவோர்க்கே அனுப்புவது என்பது அவர் தாமே வகுத்துக்கொண்ட எல்லை. இலட்சக்கணக்கில் விற்பதே பெருமை எனப் பிற இதழ்கள் முழங்கிய காலத்தில், தம் இதழ் எல்லார்க்கும் உரியதன்று என்று ஒருவர் முதலிலேயே கூறியது வியப்புக்குரியது. சிலர் அதனைச் செருக்கு என்று கருதலாம். ஆயின், தன் எல்லையை உரைப்பவன் தன்னை உயர்த்திக்கொள்வதில்லை. வாசகனை ஏமாற்றாமல் விடுகிறான். பின்னர்க் காலாண்டிதழாகிய 'எழுத்து', 119 இதழ்களோடு 1970இல் நின்றது. அவ்விதழில் வேரூன்றிய புதுக்கவிதை நிற்கவில்லை. தாம் வெளியிட்ட நூல்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்றவர் செல்லப்பா. அவ்வுழைப்பும் ஓர் அறிமுகமே.

இனி, மிகைப்படுத்தாமல் எழுதினால் யார் வாங்குவர் என்று வினவுவோர் உளர். தமிழ் வளரவேண்டும் என்பது நல்ல நோக்கம். அதன்பொருட்டுச் சற்றே கூட்டிச் சொல்வதால் என்ன தீங்கு என்பது அவர்தம் வாதம். இதற்கு விடை காணத் தோட்டத்தையே நோக்குதல் வேண்டும். எழுத்தறிந்த ஒருவர் இதழை உரக்கப் படிக்க, லயத்து மக்கள் சூழ்ந்திருந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. பாயிரம் கூறும் 'கேட்போர்' அங்கு உண்மையாகவே கேட்போராக இருந்தனர். பால்வெட்டுக் கூலியிலிருந்து எடுத்துத் தரப்பட்ட சந்தா, அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் உரிய பணத்திலிருந்து பிரிந்து வந்ததாகும். பன்னிரண்டு இதழ் வரும் என்று பெற்ற பணத்துக்கு மூன்று இதழே வந்தால், இழப்பு அப்பணம் மட்டுமன்று. அடுத்து ஒருவன் நேர்மையோடு வந்து நிற்கும்போது, "முன்பே ஏமாந்தோம்" என்று கதவு சாத்தப்படும். ஒருவன் செலவழித்த நம்பிக்கை அவனுடையது மட்டுமன்று. பின்வருவோர் அனைவர்க்கும் பொதுவான முதல் அது.

மிகைக்கு எதிர்ப்புறத்திலும் ஒரு பிழை உண்டு. அது பொய்ப்பணிவு. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க முனைந்த பூனையோடு கம்பர் தம்மை ஒப்பிட்டார். அவ்வாறு அடங்கியவர் ஆறு காண்டங்களைப் பாடி முடித்தார் என்பதை மறத்தலாகாது. அவையடக்கம் திறமையின் குறைவுக்குப் பொறுமை வேண்டுவது. கடமையின் குறைவுக்கு அன்று. எழுத்துப்பிழை மலிந்த பக்கங்களையும், காலந்தாழ்ந்து வரும் இதழையும், "சிறியேன் பிழை பொறுத்தருள்க" என்னும் ஒரு வரியால் மூடிவிட முடியாது. பிழை திருத்துதல் பொறுக்குமாறு வேண்டுதலினும் மேலான பணிவாகும்.

இன்று நெகிரி செம்பிலானில் தோட்டங்களின் முகம் மாறிவிட்டது. பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. நீலாய், செண்டாயான் பகுதிகளில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் சிரம்பானுக்கும் பிற நகரங்களுக்கும் சிதறினர். 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளேடும் 2019இல் நின்றுவிட்டது. லயத்தில் இருந்த நாளில் எழுதுபவனின் குடியையும் குணத்தையும் அண்டை வீட்டார் அறிவர். அவர்களே அவனுக்குப் பாயிரம் உரைப்பர். சிதறிய வாசகர்க்கோ அவன் எழுதும் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. எனவே அச்சொல்லின் பொறுப்பு முன்னினும் மிகுந்துள்ளது.

தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் கையெழுத்து இதழ் தொடங்கும்போது, முதற்பக்கத்தில் 'ஈடு இணையற்ற இதழ்' என்று எழுத விரும்புவது இயல்பு. அவர்களிடம் ஆசிரியர் அந்த எட்டு வினாக்களையும் வைத்தல் நன்று. அவற்றுள்ளும் 'யாருக்காக?' என்பதை முதலில் வைத்தல் வேண்டும். அதற்கு ஒரு மாணவன் தன் தாயையோ, லயத்து முதியவரையோ எண்ணி விடையெழுதுவானாயின், தற்புகழ்ச்சிக்கு அங்கு இடமிராது. அடுத்த திங்கள் இதழ் உரிய நாளில் வெளிவந்தால், அதுவே அவனுக்குப் பிறர் உரைக்கும் பாயிரத்தின் முதல் வரியாகும்.