முதலில் என்ன? பிறகு என்ன?

ஒளு எப்படிச் செய்வது என்று நம் வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். உடனே கையைக் காலை அசைத்துக் காட்டிவிடும். வாயால் சொல்லச் சொன்னால் திணறும். மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது முகத்துக்குப் பின்னால் போய்விடும். தலைக்கு மஸ்ஹு செய்வது அடியோடு விட்டுப்போகும். செய்யத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லவும் தெரியவேண்டும் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

அல்லாஹு தஆலா சூரத்துல் மாயிதாவின் 6ஆவது ஆயத்தில் முகம், முழங்கை வரை கைகள், தலை, கரண்டை வரை கால்கள் என்று வரிசையாகவே ஒளுவைச் சொல்லியிருக்கிறான். ஷாபிஈ மத்ஹபில் இந்தத் தர்த்தீபு ஆறு பர்ளுகளில் ஒன்று. சேலம், நாமக்கல் பக்கத்தில் நம்மவர்களில் பலரும் பின்பற்றும் ஹனபி மத்ஹபில் பர்ளுகள் நான்கே, வரிசை சுன்னத்து. சுன்னத்துதானே என்று அலட்சியமாக விடுவதற்கல்ல அது.

ஒருவர் பள்ளிக்குள் வந்து அவசர அவசரமாகத் தொழுதார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் திரும்பப் போய்த் தொழும்படி மூன்று முறை அனுப்பினார்கள். எனக்கு இதற்கு மேல் தெரியாது, கற்றுக்கொடுங்கள் என்று அவர் கேட்டபோது, தக்பீர், ஓதுதல், ருகூஉ, நிமிர்தல், ஸுஜூது என்று ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் நிதானம் வரும்வரை நிற்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் தொழாதவரல்லர். ஒன்று முடியுமுன் அடுத்ததற்குத் தாவியதுதான் குறை. நம் பிள்ளைகளும் இப்படித்தானே தாவுகிறார்கள்! (பெரியவர்களைப் பற்றி இப்போது பேசவேண்டாம்.)

இதை மதரஸாவின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. மாலையில் ஒரு மணி நேரம் ஓதவைக்கும் உஸ்தாது, முப்பது பிள்ளைகளைத் தனித்தனியே பேசவைப்பது எப்படி? அது அடுப்படியில் நடக்கவேண்டிய வேலை. அரிசி களையும்போதே தாய் கேட்கலாம்: "எழுந்ததும் முதல்ல என்ன செஞ்சே? அப்புறம்?" தமிழோ உருதுவோ, வீட்டில் எதைப் பேசுகிறோமோ அதிலேயே சொல்லட்டும். ஐந்து வயதுக்கு மூன்று காரியங்கள் போதும். "எழுந்து, பல் விளக்கி, ஒளு செஞ்சு" என்று நம் தமிழிலே வினைகள் தாமாகவே கோத்துக்கொண்டு வரும். அந்தச் சுகம் பிள்ளைக்குச் சீக்கிரம் பிடிபடும். தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாமல், சொன்னபடியே நாம் செய்து காட்டவேண்டும். காலுறையை மாட்டிக்கொண்டு கால் கழுவப் போனால் பிள்ளையே சிரித்துவிட்டுத் திருத்தும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியோடு பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். லோடு ஏற்றிக்கொண்டு போன அத்தா நாள் கணக்கில் திரும்புவதில்லை. போனில் "ஓதினியா?" என்று கேட்கிறார், "ஓதினேன்" என்று பிள்ளை சொல்கிறது, அதோடு பேச்சு முடிகிறது. அதற்குப் பதில், "இன்னிக்குக் காலையிலிருந்து ஒவ்வொண்ணா சொல்லும்மா" என்று கேட்கட்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் பிள்ளையின் நாள் முழுவதும் அவருக்குக் கிடைக்கும்.

இதில் பெரிய காரியம் ஒன்று அடங்கியிருக்கிறது. வயிற்றுவலி சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று டாக்டரிடம் சொல்லவும், வழியில் ஒருவன் மிரட்டினான், தகாதபடி தொட்டான் என்பதைத் தாயிடம் விளங்கச் சொல்லவும் அந்தப் பிள்ளையால் முடியவேண்டும். பதறும் நேரத்தில் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். அன்றாடம் காது கொடுத்துக் கேட்காத வீட்டில் அந்த ஒரு நாளும் பிள்ளை வாய் திறக்காது.

சூரத்துந் நூரின் 58ஆவது ஆயத்தில், பருவமடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே அறைக்குள் வரவேண்டும் என்று கட்டளை வந்திருக்கிறது: சுபுஹுக்கு முன், நடுப்பகலில் உடை களைந்து ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின். நாளின் வரிசை தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்த நேரங்களும் விளங்கும். தொழுகை நேரங்களை நடுவில் வைத்து, சுபுஹுக்கு முன் வீட்டில் யார் என்ன செய்கிறோம், லுஹருக்குப் பின் என்ன என்று பேசிப் பழக்கினால் கடிகாரம் பார்க்கத் தெரியாத வயதிலும் பிடிபடும்.

ரமலான் வந்தால் வீட்டின் வரிசையே மாறிவிடும். விடியுமுன் சோறு, பகலில் அடுப்பு ஓய்வு, மஃரிபில் நோன்புக் கஞ்சி, இஷாவுக்குப் பின் தராவீஹ். முதல் நோன்பன்று கஞ்சிக் கிண்ணத்தோடு உட்காரும் பிள்ளையிடம், நேற்றைக்கும் இன்றைக்கும் எதெல்லாம் இடம் மாறியது என்று கேட்டுப் பாருங்கள்.