நன்றிக்கடன் படாத நடுவர்

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம், நடுவு நிலைமை 12ஆம் அதிகாரம். இந்த வரிசைக்கு உரையாசிரியர் பரிமேலழகர் சொல்லும் காரணத்தை நான் பல ஆண்டுகளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். நன்மை செய்தவரிடம் அந்த நன்றியை நினைக்கும்போது நடுவுநிலை சிதையக்கூடும்; அங்கேயும் அது சிதையலாகாது; அதனால்தான் இது அதன் பின்னால் வைக்கப்பட்டது என்கிறார். நடுவுநிலையைக் கெடுப்பது ஆசை என்றோ அச்சம் என்றோ அவர் இங்கே சொல்லவில்லை. இன்னோர் அறமே அதைக் கெடுக்கும் என்கிறார்.

அவர் சொல்வது எவ்வளவு உண்மை என்பது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் வேலை பார்த்த எனக்குத் தெரியும். நாங்கள் நிதித் துறையின் கீழ் இருந்தோம். நகராட்சிக்கு எங்கள்மேல் அதிகாரம் கிடையாது. ஆனால் நாங்கள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் அறை நகராட்சியுடையது. மேசை, மின்விசிறி, பதினோரு மணி டீ, மழை நாளில் பேருந்து நிலையம்வரை கொண்டுபோய் விடும் ஜீப், எல்லாம் அவர்களுடையவை. ஓர் ஊரில் எங்கள் குழுவில் இருந்தவரின் தாயாருக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போனது. அந்த நகராட்சி அதிகாரி ஒருவர்தான் இரவோடு இரவாக ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். மனமார்ந்த உதவி, அதில் சூது எதுவும் இல்லை. மறுவாரம் அதே அதிகாரி கையெழுத்திட்ட வடிகால் பில்லும் எம்-புக் என்னும் அளவுப் புத்தகமும் அந்த நண்பரின் மேசைக்கு வந்தன. அளவு இடித்தது. தணிக்கைத் தடை எழுத வேண்டிய பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதினார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. காசுக்கு மயங்காத மனிதர், தன் நல்ல குணத்தாலேயே வதைபட்டதைப் பார்த்தேன்.

நீதி சொல்பவன் நன்றி கெட்டவனாக இருக்க வேண்டுமா? அப்படி எந்த அறமும் கேட்காது என்று நம்புகிறேன். நடுவு நிலைமையை வள்ளுவர் தனிமனிதனிடம் கேட்டார். கேட்கலாம், அவர் அறநூல் எழுதியவர். சட்டம் எழுதுபவர்களுக்கு அந்த உரிமை இல்லை. நல்லவன் ஒருவனை நன்றிக்கும் நீதிக்கும் நடுவில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை.

உள்ளாட்சிகளில் இருப்பவர்களின் முறைகேட்டை விசாரிக்க உலகெங்கும் அமைப்புகள் இருக்கின்றன. எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, அவர்களை நியமிப்பது யார் என்பதைத்தான். தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவரை (ஓம்புட்ஸ்மேன்) மாநில அரசு நியமிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1990இல் அமைத்த அறநெறி ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களை மேயர் உட்பட ஐந்து பதவியாளர்கள் ஆளுக்கொருவராக நியமிக்கிறார்கள். நன்றிக்கடன் அங்கே தீரவில்லை, ஐந்தாகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அட்லாண்டாவில் வழக்கறிஞர் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் இன்னும் சில குடிமக்கள் அமைப்புகளும் அறநெறி வாரிய உறுப்பினர்களை முன்மொழியும் முறை வகுக்கப்பட்டது. அது மேல்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூர்ச் சபை இதைவிட ஆழமாகப் போயிருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் கொண்டாடுகிறோம். தணிக்கைக்காரனான நான் நின்று படித்தது வேறு இடத்தில். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி பெயர் எழுதப்படத் தகுதியற்றவன். அவனோடு அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார் என்று உறவுமுறை முழுவதும் தகுதி இழக்கிறது. கணக்கு எழுதியவன் தன் கணக்கைத் தானே காட்ட வேண்டும், வேறொருவனைக் கொண்டு முடிக்கக் கூடாது.

தேர்வு முறையோ இன்னும் நுட்பமானது. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பகுதிகளின் ஓலைக் கட்டுகள் குடத்துக்குள். எல்லோரும் பார்க்க, கோயில் பூசாரிகளான நம்பிமாரில் மூத்தவர் குடத்தைத் தூக்கிக் காட்டுகிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் எடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஓலையை வாங்கி வாசிக்கிறான். இப்படி வந்தவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்? எடுத்த பிள்ளைக்கு அவன் யாரென்றே தெரியாது. பரிமேலழகர் உரை எழுதுவதற்கு முன்பே அவர் கண்ட சிக்கலுக்கு அந்த ஊரார் வழி கண்டிருந்தார்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடம் திறந்தது என்பதையும், அரசனின் அதிகாரி உடனிருந்துதான் அந்த விதிகள் செய்யப்பட்டன என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அந்த ஊரில் பெரும்பாலோர் பெயர் ஓலையிலேயே ஏறியிருக்காது.

யாருக்கும் கடன்படாதவன் யாருக்கும் பதில் சொல்லாதவனாகிவிட மாட்டானா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. நியமித்தவருக்குப் பதில் சொல்வது வேறு, கணக்கைக் காட்டுவது வேறு. தீர்ப்பையும் அதன் காரணத்தையும் செலவையும் ஊரறிய வைக்கட்டும், போதும்.

எனக்குப் பெரிய கவலை நிர்வாகத்தில்தான். நடுவர் எவ்வளவு தனித்தவராக இருந்தாலும், அவருக்குக் கோப்பு தயாரிப்பவர் அயற்பணியில் வந்தவராக இருந்தால், தான் இன்று விசாரிக்கும் துறைக்கே நாளை திரும்பிப் போக வேண்டியவர் அவர். அவருடைய பதவி உயர்வு அங்கே இருக்கிறது. ஆகவே ஆணையத்துக்கென்று சொந்த ஊழியர் வேண்டும், வருடாவருடம் யாரிடமும் கேட்டு நிற்காத நிதி வேண்டும், மறுநியமனம் கூடாது.

இவ்வளவும் இருந்தாலும் ஓர் ஓட்டை மிச்சம். கேரளம் 2000இல் உள்ளாட்சிகளுக்கு ஏழு பேர் கொண்ட ஓம்புட்ஸ்மேன் அமைப்பை உருவாக்கியது. 2001இல் ஆட்சி மாறியது, சட்டம் திருத்தப்பட்டது, ஏழு பேர் அமைப்பு ஒருவர் அமைப்பானது. ஆனால் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில் அறநெறி ஆணையத்தின் ஏழு பேரில் நால்வரை ஆணையமே தேர்ந்தெடுக்கிறது. அதற்குக் குறைந்தது எத்தனை ஊழியர் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. 2014இல் மக்கள் வாக்களித்து இதை நகரத்தின் அடிப்படைச் சாசனத்திலேயே ஏற்றினார்கள். அதை மாற்ற விரும்பும் நகர மன்றம் மறுபடியும் அதே மக்களின் வாக்குக்குத்தான் போக வேண்டும்.