அடிக்கிற கைதான் அணைக்குமாம்!

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பர் நம் வீட்டுப் பெரியவர்கள். அடிபட்டு வந்த மகளின் கண்ணீரைத் துடைத்து, இப்பழமொழியைச் சொல்லித்தான் மீண்டும் அந்த வீட்டுக்கே வழியனுப்புவர். அணைப்புக்கு முன்னுரையாக அடி எதற்கு என்று கேட்டாரில்லை. நாம் கேட்போம், தோழர்களே!

கோபம், என்கிறான் கணவன். குழம்பில் உப்புக் கூடிற்றாம், கோபம் வந்துவிட்டதாம், கை நீண்டுவிட்டதாம்! அலுவலகத்திலே மேலதிகாரி அத்தனை பேர் முன்னே ஏசினாரே, அங்கே கோபம் வரவில்லையா? வந்தது, கைதான் நீளவில்லை. குடியே காரணம் என்பர் வேறு சிலர். குடி கொடுமையை வளர்க்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் தள்ளாடி வருபவன் தெருமுனைக் காவலரைக் கண்டதும் நிமிர்ந்து நடக்கிறான். வீட்டு வாசற்படி மிதித்த பிறகே வீரனாகிறான். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கலாகாது என்ற கணக்கு போதையிலும் பிசகுவதில்லை. இது அறிவிழந்தவன் செயலன்று. அடிக்க உரிமையுண்டு என நம்புகிறவன் செயல்.

அந்த நம்பிக்கை அவனிடம் மட்டுமா இருக்கிறது? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், மனைவியை அடிப்பதற்கு ஏதேனுமொரு காரணத்தை நியாயமென ஏற்ற ஆடவர் நூற்றுக்கு 44. பெண்டிர் நூற்றுக்கு 45! அடிபடுவோரே அடிக்கு வழக்கறிஞராய் நிற்கும் விந்தை! தமிழகத்தில் மணமான, 18 முதல் 49 வயது வரையுள்ள மகளிரில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர் என்றும் அதே ஆய்வு கூறிற்று. இந்தியா முழுமைக்கும் அது 29. பகுத்தறிவு வளர்த்த மண் என்று மார்தட்டும் நாம், இந்த எண்ணை எங்கே ஒளிப்பது?

(பள்ளிகளிலும் ‘அடியாத மாடு படியாது’ என்றுதான் பிரம்பைத் தூக்கினர். 2009 கல்வி உரிமைச் சட்டம் அதற்குத் தடைபோட்டது. படிப்பு மாண்டுவிடவில்லை.)

‘ஏன் அவள் விலகி வரவில்லை?’ என்கிறார்கள். எங்கே போவாள்? கையில் காசில்லை, பிறந்த வீட்டிலோ பழமொழி காத்திருக்கிறது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கேள்வியைத் திருப்பிப் போட்டது. வீடு எவர் பெயரில் இருப்பினும் அங்கே வாழ அவளுக்கு உரிமையுண்டு. நீதிமன்றம் பாதுகாப்பு ஆணையிடலாம். மீறுபவனுக்கு ஓராண்டு வரை சிறை. மணச் சடங்கின்றி இணையராய் வாழும் பெண்ணுக்கும் இது பொருந்தும். அண்டை வீட்டாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு வாராது என்கிறது 4ஆம் பிரிவு. 181 என்ற எண்ணும் இருக்கிறது. ‘புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கேன்?’ என்று சன்னலைச் சாத்துவோருக்கு இனிச் சாக்கு ஏது?

அதனினும் கடினமான வேலை ஒன்றுண்டு. மேடையிலே பெண்ணுரிமை முழங்கி, வீட்டிலே கை ஓங்கும் தோழர் நம்மிடையே இருப்பின் என் செய்வது? நல்ல பேச்சாளர் என்று வாய்மூடி இருப்பதா? கூடாது. அவர் பெயரை அடுத்த துண்டறிக்கையில் அச்சிடுமுன், மகளிர் தோழர் ஒருவர் அவருடைய துணைவியாரைத் தனியே கண்டு, அவருக்கு என்ன வேண்டுமென்று கேட்டு வரட்டும். முந்திக்கொண்டு நாம் அவரை அதட்டினால், அன்றிரவு அந்த அதட்டலுக்கு விலை கொடுக்கப்போவது அந்த அம்மையார்தாம்.