அனுமதியும் அமானிதமும்

பிறர் இல்லத்துள் நுழையும் முன் சலாம் உரைத்து, உள்ளிருப்போரின் இசைவைப் பெற்ற பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும் என்பது திருமறையின் ‘அந்நூர்’ அத்தியாயம் நமக்கு வகுத்துத் தந்த ஒழுங்கு. திரும்பிப் போகுமாறு உள்ளிருப்போர் கூறினால் மனம் கோணாது திரும்பிவிட வேண்டும் என்றும், அதுவே தூய்மையானது என்றும் அதே இடத்தில் கற்பிக்கப்படுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருவர் வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேரெதிரே நில்லாமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பார்கள் என்று ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. கதவைத் தட்டிய ஜாபிர் (ரலி) அவர்கள், யார் என்று கேட்கப்பட்டபோது பெயரைச் சொல்லாமல் ‘நான்’ என்று மட்டும் விடையளித்ததைப் பெருமானார் விரும்பவில்லை என்பதும் நாம் அறிந்ததே.

ஆக, அனுமதி கேட்பவனுக்கு மூன்று கடமைகள் உண்டு. தான் யாரென்று சொல்ல வேண்டும். அனுமதி கிடைக்கும்வரை பார்வையை அடக்க வேண்டும். மறுக்கப்பட்டால் திரும்ப வேண்டும். வீட்டுக்கு வகுத்த இவ்வொழுங்கு, இன்று நம் சட்டைப்பையிலும் தலையணை அருகிலும் கிடக்கும் கைப்பேசிக்குப் பொருந்தாதா?

கைப்பேசியும் ஒருவகையில் வீடுதான். பிள்ளைகளின் படங்கள், மருத்துவர் எழுதித் தந்த சீட்டின் நகல், சகோதரி மனம் நொந்து அனுப்பிய குரற்செய்தி, உற்றார் உறவினரின் எண்கள் யாவும் அதனுள் குடியிருக்கின்றன. புதிதாக ஒரு செயலியை நிறுவினால், தொடர்பு எண்களைப் பார்க்கவா, இருப்பிடத்தை அறியவா, ஒலிவாங்கியைப் பயன்படுத்தவா என்று சிறிய கட்டமொன்று திரையில் தோன்றிக் கேட்கிறது. 2015-ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்டின் ஆறாம் பதிப்பு வரும்வரை, அந்த வகைக் கைப்பேசிகளில் இவ்வளவு வினவலும் இல்லை. நிறுவும்போதே அனைத்துக்கும் மொத்தமாக இசைய வேண்டும். இல்லையேல் செயலியே கிடையாது. இப்போது ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். ஆனால் கேட்பவர் மூன்று கடமைகளையும் நிறைவேற்றுகிறாரா?

ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் காட்டும் ‘முஸ்லிம் புரோ’ என்னும் செயலி உலகெங்கும் கோடிக்கணக்கான முறை பதிவிறக்கம் செய்யப்பட்டது. கிப்லாவைக் காட்ட இருப்பிடம் தேவை. எனவே அதைக் கேட்டது நியாயமே. ஆனால் அவ்விருப்பிட விவரங்கள் ‘எக்ஸ்-மோடு’ என்னும் தகவல் தரகு நிறுவனத்துக்குச் சென்றன என்றும், அதனிடம் விவரங்களை வாங்கியோரில் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர் என்றும் 2020 நவம்பரில் ‘மதர்போர்டு’ ஏடு வெளிப்படுத்தியது. இராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என்று செயலியினர் மறுத்தனர்; எனினும் எக்ஸ்-மோடுடன் தம் தொடர்பைத் துண்டித்துக்கொண்டனர். 2024 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், அந்தரங்கத்தன்மை வாய்ந்த (சென்சிட்டிவ்) இருப்பிட விவரங்களை விற்பதற்கு எக்ஸ்-மோடுக்கும் அதன் வழிவந்த நிறுவனத்துக்கும் தடை விதித்தது. கஅபாவை முன்னோக்குவதற்காகத் திறந்த வாசலில், பெயர் சொல்லாத ஒருவர் உள்ளே நுழைந்திருக்கிறார் என்பதே இதன் பொருள். யாரென்று கேட்டிருந்தால் ‘நான்’ என்ற விடைகூட அவரிடமிருந்து வந்திராது.

இவ்வாறு நிறுவனங்களைக் குறை கூறுவது எளிது, அது வேண்டியதும்கூட. ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டால் நாம் நம்மை ஏமாற்றிக்கொண்டவர்களாவோம். கேட்பவனுக்கு ஒழுங்கு இருப்பதுபோல், அனுமதி தருபவனுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தன் வீட்டு வாசலைத் திறக்க அவனுக்கு உரிமை இருக்கிறது; அடுத்த வீட்டு வாசலைத் திறக்க இல்லை. கைப்பேசியில் நாம் அடிக்கடி மீறுவது இவ்விரண்டாவது எல்லையைத்தான்.

நம் தொடர்பு எண்களின் பட்டியல் நம்முடையது என்று எண்ணுகிறோம். உண்மையில் அதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் மற்றொருவர் நம்பி ஒப்படைத்தது. ஒருவர் நம்மிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்ப்பாராயின், அப்பேச்சு அமானிதமாகிவிடுகிறது என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவர் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. அந்தத் திரும்பிப் பார்த்தலே போதும். அவ்வாறாயின், வீட்டுப் பெண்கள் நம்பிக்கையோடு நமக்குத் தந்த எண்களையும் படங்களையும் ஊர்பேர் தெரியாத ஒருவரிடம் ஒரு விரல் தொடுதலில் ஒப்படைப்பதை என்னவென்று சொல்வது?

இதன் விளைவு எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்கு 2018-இல் அம்பலமான ‘கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா’ விவகாரமே சான்று. ஃபேஸ்புக்கில் உலவிய ஒரு வினா-விடைச் செயலி, அதை நிறுவியோரின் விவரங்களோடு அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் திரட்டியது. இந்தியாவில் அதை நிறுவியவர்கள் 335 பேர். அதனால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய ஏனையோர் 5,62,120 பேர் என ஃபேஸ்புக் நிறுவனமே தெரிவித்தது. அந்த 335 பேரும் தீயவர்கள் அல்லர்; பொழுதுபோக்காக ஒரு கதவைத் திறந்தவர்கள். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவசரத் தேவைக்காக ஓர் இளைஞர், கைப்பேசிச் செயலி வழியே சிறு தொகையொன்றை வட்டிக்குக் கடன் வாங்கினார். வட்டியின் தீமை ஒருபுறம் இருக்கட்டும். தவணை தவறியதும், அவர் கைப்பேசியில் இருந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் அழைப்பு போயிற்று. இத்தாவில் இருந்த அவருடைய பெரியம்மாவையும் அந்நியக் குரல் ஒன்று இழிசொல்லால் ஏசியது. அந்த அம்மையார் கடனும் வாங்கவில்லை, எதற்கும் இசையவுமில்லை. தம் பிள்ளையைப் போன்றவனிடம் தம் எண்ணைக் கொடுத்திருந்தார், அவ்வளவே. “என் நம்பரை அவங்களுக்கு யாருப்பா கொடுத்தது?” என்று அவர் கேட்டபோது, அந்த இளைஞரால் தலைநிமிர முடியவில்லை.

இத்தகைய கொடுமைகள் பெருகியதால்தான், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் கோப்புகளையும் தொடக்கூடாது என 2022 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஓர் எடுத்துக்காட்டை முன்வைக்கிறது. மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று தொடர்பு எண்களையும் கேட்டு, பயனாளியும் சம்மதித்துவிட்டாலும், மருத்துவத்துக்கு அவை தேவையற்றவை ஆதலின் அச்சம்மதம் செல்லாது என்பதே அதன் கருத்து. தேவைக்கு மிஞ்சிய அனுமதி அனுமதியே அன்று என்னும் இக்கொள்கை போற்றத்தக்கது. ஆனால் அதே சட்டம், தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்கும் இல்லத் தேவைக்கும் கையாளும் விவரங்களைத் தன் எல்லைக்கு அப்பால் விட்டுவிடுகிறது. பெரியம்மாவின் எண்ணை நாம் எப்படிப் பேணுகிறோம் என்று கேட்க அங்கே நம் மனச்சாட்சி மட்டுமே இருக்கிறது. அதற்குமேல் அனைத்தையும் அறிந்த அல்லாஹ் இருக்கிறான்.

‘தவறு செய்யாதவன் எதை மறைக்க வேண்டும்?’ என்று சிலர் வினவுகின்றனர். நம் வீடுகளில் முகப்புக்கும் உள்வீட்டுக்கும் இடையே திரைச்சீலை தொங்குகிறதே, உள்ளே குற்றம் நடக்கிறது என்பதாலா? துருவித் துருவிப் பிறரை ஆராய்வதைத் தடுக்கும் கட்டளை இடம்பெற்றுள்ள அத்தியாயத்தின் பெயர் ‘அல்ஹுஜுராத்’. உள்ளறைகள் என்பது அதன் பொருள். குற்றவாளிக்கு மட்டும் அல்ல, மனிதராய்ப் பிறந்த அனைவருக்கும் ஓர் உள்ளறை வேண்டும். மேலும், நம்மைப் பொறுத்தவரை மறைக்க ஒன்றுமில்லை என்று நாம் சொல்லலாம்; நம்மை நம்பியவர்கள் சார்பாக அவ்வாறு சொல்ல நாம் யார்?

கைப்பேசியைத் துறக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனின் முகத்தை உம்மாவுக்குக் காட்டும் கருவியை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. கேட்கப்படும் பொருளுக்கும் செய்யப்படும் வேலைக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம். கிப்லா காட்டும் செயலி இருப்பிடத்தைக் கேட்டால், பயன்படுத்தும்போது மட்டும் தருவோம். விளக்கெரிக்கும் செயலி தொடர்பு எண்களைக் கேட்டால் மறுப்போம். முன்பு தந்தவற்றை அமைப்புகளில் திரும்பப் பெற வழியுண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு அதைச் செய்வோம். ஏன் மறுக்கிறோம் என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது, இதில் பெரியம்மாவின் எண் இருக்கிறது, அதை அவரைக் கேளாமல் கொடுக்க நமக்கு உரிமை இல்லை என்று சொல்வோம்.