காதில் விழுவதும் கேட்பதும்

"இன்னிக்கு நைட் இருக்குதா?" என்று திருப்பூரில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்டால் அதற்கு ஒரே பொருள்தான். கப்பலுக்குச் சரக்கு போக வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. விடிய விடிய நின்று பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைவரை நீளும் ஒன்றரை ஷிப்டுக்குப் பிறகும் வேலை மிச்சமிருந்தால் அது 'நைட்'. இரவு என்ற சொல்லுக்கே எங்கள் ஊரில் வேலை என்று பொருளாகிவிட்டது.

என் அம்மா பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, பிறகு செக்கிங் பார்த்தவர். நான் எக்ஸ்போர்ட் அலுவலகத்தில் மெர்ச்சண்டைசர். நைட் முடித்து வரும் அம்மாவைக் கம்பெனி வேன் அதிகாலை மூன்று மணிக்குத் தெருமுனையில் இறக்கிவிடும்போது யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்குப் பாட்டுக் கேட்டுவிட்டு வந்தபோது தெருவே கேட்டது. மூன்று மணிக்கு வந்த பெண் நல்லவள், பத்து மணிக்கு வந்த பெண் சந்தேகத்துக்குரியவள் என்றால், இங்கே பிரச்சினை நேரமல்ல. பெண் எதற்காக வெளியே போனாள் என்பதுதான். உழைப்பதற்காகப் போனால் அனுமதி உண்டு, மகிழ்வதற்காகப் போனால் விசாரணை உண்டு. மகிழ்ச்சி என்பது வேலையை முடித்தவர்களுக்கு யாரோ தரும் போனஸா, அல்லது மனிதராக இருப்பதன் பகுதியா? இந்தக் கேள்வியை என்னைக் கேட்க வைத்தது ஓர் ஆப்பிரிக்க உணவகம்.

திருப்பூரில் ஆப்பிரிக்க உணவகமா என்று வெளியூர்த் தோழிகள் வியப்பார்கள். எங்களுக்கு அது வியப்பில்லை. ஏற்றுமதியில் கழிந்த செகண்ட்ஸ், மிச்சச் சரக்கு எல்லாம் வந்து குவியும் இடம் காதர்பேட்டை. அங்கே டி-ஷர்ட்டும் பெர்முடாவும் மொத்தமாக வாங்கித் தங்கள் நாட்டுக்கு அனுப்ப ஆப்பிரிக்க வியாபாரிகள், குறிப்பாக நைஜீரியர்கள், பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறார்கள். ராயபுரம் பக்கம் வாடகை வீடுகளில் தங்கினார்கள். தங்கினால் பசிக்கும். பசித்தால் யாராவது சமைப்பார்கள். இப்படித்தான் பெயர்ப்பலகை இல்லாத சமையலறைகள் முளைத்தன.

நான் போன இடமும் அப்படி ஒரு மாடி வீடுதான். நாலு மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் ஒரு கீபோர்டு. சமைத்தவர் ஒரு நைஜீரியப் பெண். என்னை 'சிஸ்டர்' என்பார், நான் அவரை 'அக்கா' என்பேன். நான் சொல்வது தன் பெயர் அல்ல என்று தெரிந்தும் அவர் திரும்பிப் பார்ப்பார். மரவள்ளிக் கிழங்கில் செய்யும் ஃபூஃபூவை முதன்முதலாகத் தட்டில் பார்த்தபோது எனக்குக் களி ஞாபகம்தான் வந்தது. வலது கையால் கிள்ளி, உருட்டி, நடுவில் விரலால் குழித்து, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். ராகிக் களி தின்று வளர்ந்த கொங்குக்காரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜொலோஃப் சோறு நம் தக்காளி சாதத்துக்குத் தூரத்து உறவு. வெண்டைக்காயில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அதன் வழவழப்பு போகும்வரை நாம் வதக்குவோம். அக்காவுக்கு அந்த வழவழப்புதான் ருசியே.

ஞாயிறு மாலைகளில் பாட்டு. பகலெல்லாம் காதர்பேட்டையில் மூட்டை கட்டிய ஓர் இளைஞர் கீபோர்டில் உட்காருவார். இன்னொருவர் மேசையையே தாளமாக்குவார். பக்திப் பாட்டு வரும், ஹைலைஃப் வரும், புதுப்பாட்டும் வரும். ஹைலைஃப் என்பது கானாவிலும் நைஜீரியாவிலும் செழித்த இசை. அதன் பெயருக்குச் சொல்லப்படும் கதை எனக்குப் பிடித்தது. 1920களில், இன்றைய கானாவாகிய கோல்டு கோஸ்ட்டில், வசதியானவர்கள் சீமை உடுப்பு அணிந்து ஆடும் கூடங்களுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த ஏழைகள்தான் 'இது உயர்ந்த வாழ்க்கைக்காரர்களின் இசை' என்று அந்தப் பெயரை வைத்தார்களாம். உள்ளே நுழைய முடியாதவர்கள் பெயர் சூட்டிய இசை பிறகு எல்லோருடையதும் ஆனது.

அந்த வீட்டில் பாத்திரம் கழுவியவர் நம்மூர் அம்மா ஒருவர். வாரம் முழுக்க கம்பெனியில் கைமடி, ஞாயிறு இங்கே. ஒருநாள் அவரிடம் கேட்டேன், "அக்கா, இந்தப் பாட்டெல்லாம் உங்களுக்குப் பிடிச்சிருக்குதுங்களா?" அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "பாட்டு காதுல விழுவுது கண்ணு. கேக்கறதுக்கு உக்கோரணுமல்ல?"

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. கேட்க நேரம் வேண்டும், உட்கார இடம் வேண்டும், கை சும்மா இருக்க வேண்டும். முக்கியமாக, 'ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய்' என்று யாரும் கேட்காதிருக்க வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு வாழ்நாள் முழுவதும் பாட்டு காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு மேல் ஸ்பீக்கரில் விழுகிறது. அடுப்படியில் பக்கத்து வீட்டு டிவியிலிருந்து விழுகிறது. கேட்டது எத்தனை முறை?

சட்டத்தின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 66ஆவது பிரிவில் பெண்களைக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் மட்டுமே வேலை வாங்கலாம் என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லி, போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளோடு அதை நீக்கியது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்போ, பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலை வாங்கலாம் என்கிறது. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் வேலை செய்ய முடியாது என்பதற்காக ஒரு பெண் வேலையை இழக்கக் கூடாது. ஆனால் கவனியுங்கள்: இரவு நமக்குத் திறந்தபோது கம்பெனிக்குப் போகும் வழி மட்டுமே திறந்தது. வேன் உண்டு, அது கம்பெனி வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு. நூற்பாலை விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களுக்கு அதுவும் இல்லை. இரவு ஷிப்டுக்கு விடுதியிலிருந்து மில்லுக்கு நடக்கலாம், ஞாயிறு மாலை கேட்டைத் தாண்டக் காவலுக்கு ஓர் ஆள் கூட வர வேண்டும்.

ஆப்பிரிக்கர்களை இந்த ஊர் நடத்திய விதத்திலும் இதே கணக்கைப் பார்த்தேன். பகலில் காதர்பேட்டையில் அவர்கள் 'பார்ட்டி'. வாங்க, உட்காருங்க, டீ சாப்பிடுங்க. அந்தி சாய்ந்ததும் அதே மனிதர் 'கறுப்பன்'. வீடு தர யோசிப்பார்கள், கறி வாசம் என்பார்கள், சத்தம் என்பார்கள். சரக்கு லாகோஸ்வரை போகலாம், அதை வாங்க வந்தவர் அடுத்த தெருவரைகூட இரவில் நிம்மதியாக நடக்க முடியாது. விசா முடிந்தும் தங்கியவர்கள் உண்டு, அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒருவர் தப்புச் செய்தாரா என்பது வேறு கேள்வி, அவர் பாடியதே தப்பா என்பது வேறு கேள்வி.

இந்த இரண்டு சந்தேகங்களும், இரவுப் பெண் மீதான சந்தேகமும் கறுப்பு உடல் மீதான சந்தேகமும், ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை டெல்லி காட்டியது. 2014 ஜனவரியில் கிர்கி எக்ஸ்டென்ஷன் பகுதியில், அன்றைய மாநிலச் சட்ட அமைச்சரே ஆட்களோடு நள்ளிரவில் போய், போதைப்பொருள், விபச்சாரம் என்று குற்றம் சாட்டி, ஆப்பிரிக்கர்கள் வசித்த வீட்டைச் சோதனையிடச் சொல்லி போலீசிடம் வாதாடினார். வாரண்ட் இல்லாமல் முடியாது என்றது போலீஸ். தடுத்து நிறுத்தப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டுச் சோதிக்கப்பட்டார்கள். போதைப்பொருள் எதுவும் தென்படவில்லை. வேலை நேரமல்லாத நேரத்தில், வேலை இடமல்லாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள். சந்தேகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

'கொங்கு நாட்டிலும் பெண்கள் ராத்திரியில் ஆடுகிறார்களே, வள்ளிக் கும்மி இல்லையா?' என்று கேட்பீர்கள். உண்மைதான். முன்பு ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்ததற்காக அறியப்பட்ட கோவைக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறப் புடவையில் இரவு மைதானங்களில் ஆடுவதைப் பார்த்தால் எனக்கும் கால் துடிக்கிறது. ஆனால் அப்படி ஒரு மேடையில்தான், சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்வோம் என்று பெண்களிடம் உறுதிமொழி வாங்கிய காட்சியும் பரவிச் சர்ச்சையானது. மகிழ்ச்சிக்கு வழி விட்டுவிட்டு, அந்த வழியில் ஒரு காவலையும் நிறுத்துகிறார்கள். நம் சனம் நடுவில் ஆடினால் கலை, நைஜீரியர் பாடும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து கேட்டால் கெட்ட பேர்.

பாட்டுக்கு ஏன் இவ்வளவு காவல்? அதற்குப் பதில் அந்த வியாபாரிகளின் ஊரிலேயே இருக்கிறது. காதர்பேட்டைக்கு வருபவர்களில் பலர் தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்கள். அங்கே பெண்களுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. மனைவியை அடிப்பவன், சந்தை விதியை மீறுபவன் வீட்டுமுன் பெண்கள் கூட்டமாகப் போய் உட்கார்ந்து, அவன் செய்ததைச் சொல்லி இரவெல்லாம் பாடி ஆடுவார்கள். அவன் மன்னிப்புக் கேட்கும்வரை நகர மாட்டார்கள். 1929இல் பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற அச்சம் பரவியபோது, பிரிட்டிஷ் ஆட்சி நியமித்த தலைவர்களின் வீடுகளை இதே பாட்டோடு ஆயிரக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1940களின் இறுதியில் நைஜீரியாவின் மேற்கே, அபேகுட்டா நகரில், ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி தலைமையில் சந்தைப் பெண்கள் அரண்மனை வாசலில் கூடி மன்னரைக் கேலி செய்து பாடினார்கள். 1949இல் மன்னர் பதவி துறந்தார்.

ஆனாலும் இசை என்றாலே விடுதலை என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஃபுன்மிலாயோவின் மகன்தான் ஃபெலா குட்டி. லாகோஸில் 'ஷ்ரைன்' என்ற தன் இசை விடுதியில் இரவு முழுக்கப் பாடி ராணுவ ஆட்சியையே எதிர்த்தவர். 1977இல் ராணுவம் அவர் வீட்டைத் தாக்கியபோது ஃபுன்மிலாயோ மாடி ஜன்னலிலிருந்து வீசப்பட்டு, மறுவருடம் இறந்தார். அதே 1978இல்தான் ஃபெலா 27 பெண்களை ஒரே நாளில் மணந்தார். அவருடைய மேடையை நிறைத்தவர்கள் அந்தப் பெண்கள். ஆட்சியைக் கேள்வி கேட்ட பாட்டு வீட்டைக் கேள்வி கேட்கவில்லை.

எங்கள் மாடி வீட்டிலும் அப்படித்தான். பாடியவர்கள் ஆண்கள், கிளறியவரும் கழுவியவரும் பெண்கள். அக்கா கதவோரம் நின்று ஒரு பாட்டு முழுவதையும் கேட்டதை நான் பார்த்ததில்லை. நடுவில் யாராவது தண்ணீர் கேட்பார்கள். நான் உட்கார்ந்து கேட்டேன் என்றால், இன்னொருத்தியின் கை தொட்டியில் இருந்ததால்தான் அது முடிந்தது. என் மகிழ்ச்சியை அது பொய்யாக்கிவிடாது. ஆனால் அது இன்னும் உரிமை ஆகவில்லை, வெறும் சலுகைதான் என்று காட்டிவிடுகிறது. உரிமை என்றால் கழுவுபவருக்கும் அது இருக்க வேண்டும்.

அந்த இடம் அதிக நாள் இல்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். சத்தம் என்றார், ஆம்பளைகள் வந்து போகிறார்கள் என்றார், 'நம்ம பொம்பளைப் பிள்ளைகளும் வருது' என்றார். கடைசியாகச் சொன்னதுதான் முதல் காரணம் என்று எனக்குத் தோன்றியது. எங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் அவர்களைக் காலி செய்தார்கள். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூலி, கழிப்பறை, பாதுகாப்பு, இவையெல்லாம் இருக்க, பாட்டுக் கேட்கும் உரிமை ஒரு பெரிய விஷயமா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். கூலிக்குப் போராடுவது நாம் உழைப்பவர்கள் என்பதால். பாட்டுக்குப் போராடுவது நாம் உழைப்பு மட்டும் அல்ல என்பதால். இரண்டாவதை விட்டுக்கொடுத்தால் முதலாவதும் சுருங்கும். எட்டு மணி நேரம்தான் வேலை என்று சொல்ல வேண்டுமானால், மீதி நேரம் எனக்கு வேறொன்றுக்காக வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை சின்னச் சின்னவை. ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல் ஒரு டவுன் பஸ். வெளிச்சமுள்ள தெரு. விடுதி கேட்டின் சாவி விடுதியில் இருப்பவர்களிடமே. வெளியூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் சமையல் வாசத்தோடு வாடகைக்குக் கிடைக்கும் வீடு. பாத்திரத்தை ஆண்களும் முறை வைத்துக் கழுவும் உணவகம். இவை வந்தால், இந்த ஊரில் ஒருத்தி இன்னொருத்தியிடம் "இன்னிக்கு நைட் இருக்குதா?" என்று கேட்கும்போது, எந்த நைட் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.